சர்வருக்கு ஒரு சம்பந்தி மரியாதை

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். சம்பந்தி வீட்டிலிருந்து வந்த மாடென்றால், அதற்கு வாய் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கக் கூடாது. இசிக்குல் ஏரிக்கரையில் இருக்கும் கராகோல் ஊரின் பால் ஆலையில் இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? வந்தது மாடாக இருந்தால் கட்டிப்போட்டுப் புல்லைக் காட்டியிருக்கலாம். வந்தது கம்ப்யூட்டர் சர்வர்.

ஆலை முதலாளி எசென்குல் தன் இரண்டாவது மகள் நுர்ஜாதாவைப் போன இலையுதிர்காலத்தில் தலைநகர் பிஷ்கேக்கில் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளையின் அப்பா தோக்தோர்பாய், ஒரு கல்லூரியில் காலமெல்லாம் கணினிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஊர் உலகத்தில் சம்பந்திகள் முதல் வருகையில் கம்பளம் கொண்டு வருவார்கள், வசதி உள்ளவர்கள் கொழுத்த குதிரை கொண்டு வருவார்கள். தோக்தோர்பாய் காரின் பின் இருக்கையில் பெல்ட் போட்டு உட்காரவைத்து ஒரு சர்வரைக் கொண்டு வந்தார். அதற்குள் லினக்ஸ், அதாவது கணினியையே ஓட்டும் அடிப்படை நிரல். அந்த லினக்ஸைக் குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு துணுக்காகத் தன் கையாலேயே கட்டியதாகச் சொல்லி, சபையில் கண் கலங்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். ஆலையில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் புருல்சாவும் தட்டினாள். அதுதான் அவள் செய்த முதல் தப்பு.

லினக்ஸில் நூறு வகை உண்டு. பலதும் சமைத்துத் தட்டில் வைத்த கறி மாதிரி வரும்; உட்கார்ந்து சாப்பிட வேண்டியதுதான். தோக்தோர்பாய் கும்பிடும் ஜென்டூ அந்த ஜாதி அல்ல. அது ஆட்டை உயிரோடு கொண்டுவந்து வாசலில் கட்டி, கையில் கத்தியையும் கொடுத்துவிட்டுப் போகும். வேண்டிய ஒவ்வொரு நிரலையும் கணினி தானே அடியிலிருந்து கட்டிக்கொள்ள வேண்டும். அதில் ஒரு சுகம் இருக்கிறது, புருல்சா மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, வீட்டில், வேறு வேலை இல்லாதவர்களுக்கு அது நல்ல சுகம்தான்.

ஆனால் தோக்தோர்பாய் அந்தச் சர்வருக்கு ஒரு வேளை வைத்திருந்தார். செவ்வாயும் வெள்ளியும் விடிந்ததும் அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கும். விசிறி ஹெலிகாப்டர் மாதிரி கத்தும். ஜெதி-ஓகுஸ் பக்கத்துப் பால் லாரிகள் வந்து வரிசை கட்டுவதும் அதே நேரம்தான். ஆலையின் பால் கணக்கு முழுக்க அந்தச் சர்வரில்தான்; எடையைப் பதியத் தராசு சர்வரைக் கேட்கும், சர்வர் "இரு, வேலையா இருக்கேன்" என்கிற மாதிரி வாயை மூடிக்கொள்ளும். தராசு ஒப்புக்கொள்ளாமல் குழாய் திறக்காது. லாரிக்காரர்கள் ஹாரனை அமுக்கி, எசென்குலின் பரம்பரையையே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

அந்த வேளையை மாற்றினால் என்ன என்று புருல்சா ஒரு தடவை மாற்றியும் பார்த்தாள். மத்தியானமே எசென்குலின் போன் அடித்தது. தோக்தோர்பாய் பிஷ்கேக்கில் உட்கார்ந்தபடியே சர்வரைக் கவனித்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"சம்பந்தி, இன்னிக்கு அது ஒண்ணுமே கட்டலையே? என் புள்ளைய பட்டினி போடுறீங்களா?"

"ஐயையோ, இல்ல சம்பந்தி," என்றார் எசென்குல். ஆலையில் அறுபது பேரை அதட்டும் மனிதர், போனுக்கு முன்னால் எழுந்து நின்றுகொண்டிருந்தார். "நல்லா தின்னுச்சு. இப்பதான் கண் அசந்திருக்கு."

"எழுப்பி விடுங்க. வெறும் வயித்துல தூங்கக் கூடாது."

எழுப்பி விட்டார்கள். சம்பந்தி முகம் சுளித்தால் அங்கே நுர்ஜாதாவின் உப்புத் தேநீரில் உப்பு கூடிவிட்டதாகப் பேச்சு வரும், அப்புறம் நடையில் குற்றம் வரும். பெண்ணைக் கொடுத்தவன் வயிற்றில் எப்போதும் ஒரு கல் கிடக்கும். எசென்குலின் கல் ஓயாமல் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

ஜூன் மாதம் வெயில் ஏறிய ஒரு வெள்ளிக்கிழமை, சர்வர் தனக்கு எதற்கும் உதவாத ஒரு படம் வரையும் நிரலைக் கட்ட உட்கார்ந்தது. ஆலையில் யாரும் படம் வரைவதில்லை. இருந்தாலும் சம்பந்தி வைத்திருந்தார், எடுக்க முடியுமா? கட்டி முடிப்பதற்குள் இரண்டு லாரிப் பால் திரிந்துவிட்டது. ஓட்டுநர்கள் கோபத்தில் வாசலிலேயே ஊற்றிவிட்டுப் போனார்கள். கராகோல் பூனைகளுக்கு அன்று திருவிழா.

எசென்குல் புருல்சாவைக் கூப்பிட்டார்.

"இனி ஒரு தடவ பால் நின்னுச்சு, நீ வீட்டுக்குப் போ. சம்பந்தி மனசு கோணுச்சு, அப்பவும் நீ வீட்டுக்குப் போ."

"நடுவுல ஏதாவது வழி இருக்கா அண்ணே?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான உனக்குச் சம்பளம் குடுக்கிறேன். அந்தச் சனியனை எடுத்துட்டு வேற நல்ல லினக்ஸா பாத்துப் போடு. ஆனா எடுத்ததா இருக்கக் கூடாது."

வீட்டுக்குப் போவது என்றால் வீட்டுக்கு அல்ல, அண்ணியின் கடைக்கு. கடைவீதியில் அண்ணி போன் உறை விற்கிறாள். பார்க்கும்போதெல்லாம் "இங்க வந்துடேன்டி, கம்ப்யூட்டரும் போனும் ஒண்ணுதான" என்பாள். பூனைப் படம் போட்ட உறையைத் தூக்கிக் காட்டி, "அக்கா, இது உங்க போனுக்கு எடுப்பா இருக்கும்" என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பதை நினைத்தே புருல்சா அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போவாள். கராகோலில் சர்வர் உள்ள வேலைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதில் ஒரு விரல் அவளுடையது. அதை விட அவளுக்கு மனமில்லை.

முதலில் எந்த லினக்ஸ் என்று முடிவு செய்ய வேண்டும். இது லேசான காரியம் இல்லை. மலையடிவார விடுதியில் கணினி பார்க்கும் கெல்திபெக்கை அஷ்லியான்-ஃபூ கடைக்கு வரச் சொன்னாள். குளிர்ந்த புளிப்பு நூடுல்ஸ் கிண்ணம் மேசைக்கு வருவதற்கு முன்பே அவன் தன் மதத்தைப் பரப்பத் தொடங்கிவிட்டான்.

"நான் ஆர்ச் லினக்ஸ் வச்சிருக்கேன், தெரியுமில்ல?"

"தெரியும். போன வாரம் சொன்ன. அதுக்கு முந்தின வாரமும் சொன்ன."

"அதையே போடுக்கா. தினமும் புதுசு. உலகத்துல எது வந்தாலும் மறுநாள் உன் சர்வர்ல இருக்கும்."

"பால்தான்டா தினமும் புதுசா இருக்கணும். சர்வர் பழசா இருந்தா போதும்."

"அப்ப டெபியன்தான். அதுல எல்லாமே ரெண்டு வருஷம் பழசு," என்றான் கெல்திபெக், ஊசிப்போன ரொட்டியை எடுத்துக் காட்டுகிறவன் மாதிரி.

"எங்க லாரி எல்லாம் சோவியத் காலத்துப் பழசு. ஓடுதில்ல?"

"ஓடுது. ஆனா அதைப் பாத்து யாராவது வாயப் பொளக்கிறாங்களா?"

"சர்வரைப் பாத்து யாரும் வாயப் பொளக்கக் கூடாதுடா. அது வயிறு மாதிரி. ஒழுங்கா இருந்தா அப்படி ஒண்ணு இருக்கிறதே ஞாபகம் வராது. ஞாபகம் வந்தா வலிக்குதுன்னு அர்த்தம்."

கெல்திபெக் நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே யோசித்தான். "அக்கா, உனக்கு வயசாயிடுச்சு" என்றான். அவன் கிண்ணத்துக்கும் சேர்த்துக் காசு கொடுக்க இருந்தவள், தன்னுடையதற்கு மட்டும் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

சர்வருக்கு டெபியன் என்று ஆயிற்று. கையோடு அலுவலக மேசைக் கணினிகளுக்கும் லினக்ஸ் போட நினைத்தாள்; ஆனால் அவை வேறு கதை. அங்கே உட்காருபவர்களுக்குக் கண் இருக்கிறது, வாயும் இருக்கிறது. அதிலும் கணக்காளர் ராயிசா பெத்ரோவ்னாவுக்கு இரண்டும் பெரியது. நான்கு முதலாளிகளைப் பார்த்துவிட்ட அம்மாள் அவர். திரையில் ஒரு பொத்தான் இடமிருந்து வலம் போனால் ஒரு வாரம் யாருக்கும் சம்பளக் கணக்கு நகராது. டெபியனையே அவர் மேசையிலும் போட்டு, பார்ப்பதற்குப் பழையது மாதிரி மாற்றிக்கொடுக்கலாமா என்று புருல்சா முதலில் நினைத்தாள். பிறகு தன் ஆயுளையும் நினைத்துப் பார்த்து மின்ட் என்கிற இன்னொரு லினக்ஸைப் போட்டாள். கீழே இடது மூலையில் பொத்தான், அமுக்கினால் எல்லாம் பட்டியலாக வரும், புதுப் பழக்கம் எதையும் கேட்காது.

ராயிசா பெத்ரோவ்னா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

"சீட்டு எங்க?"

"எந்தச் சீட்டு?"

"சீட்டு விளையாட்டும்மா. ஒத்தை ஆளு ஆடுறது."

புருல்சா எடுத்துக் கொடுத்தாள். அம்மாள் ஒரு ஆட்டம் முழுதாக ஆடினார். அறையில் எல்லோரும் மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசி ராஜா மேலே ஏறியதும் நாற்காலியில் சாய்ந்து, "நல்ல லினக்ஸ்" என்றார்.

"கணக்கு நிரலைத் திறந்து பாக்கலையா ராயிசா பெத்ரோவ்னா?"

"சீட்டு ஒழுங்கா விழுந்தா கணக்கும் ஒழுங்கா விழும். போய் டீ போடு."

இப்படி மேசைகள் எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்தன. சர்வரை மட்டும் தொட முடியவில்லை. தொட்டால் பிஷ்கேக்கில் மணி அடிக்கும். டெபியனைப் போட்டுவிட்டு ஜென்டூ ஓடுகிற மாதிரித் திரையில் எழுத்துகளை ஓடவிடலாமா என்றும் யோசித்தாள். அகப்பட்டால் பொய்யும் சேர்ந்துகொள்ளும். அப்புறம் போன் உறைக் கடையில்கூட வேலை கிடைக்காது.

மாத முடிவில் சம்பந்திகள் விருந்துக்கு வருவதாக இருந்தது. எசென்குலின் அறையில் பெட்டி பெட்டியாகத் துணி வந்து இறங்கிற்று. கியித் கொடுக்க வேண்டுமே, உறவுக்குத் துணி போர்த்தும் அந்த மரியாதை! விருந்துக்கு வந்த சம்பந்தி வெறும் தோளோடு திரும்பினால் மானம் போய்விடும். வெல்வெட் சப்பானை, முழங்கால் தாண்டும் அந்த அங்கியை, தோளில் போர்த்தி, வெள்ளைக் கம்பளித் தொப்பியைத் தலையில் வைத்து அனுப்ப வேண்டும். சபையில் போர்த்திவிட்டால் வேண்டாம் என்று சொல்ல வாய் கிடையாது. அளவு பத்தாவிட்டாலும் வாய் கிடையாது, வெயில் மண்டையைப் பிளந்தாலும் கிடையாது. புருல்சாவின் சித்தப்பா ஒருவர், அக்குளில் தையல் பிரிந்த சப்பானில் ஏரியின் மறுகரை வரை சிரித்துக்கொண்டே போனவர்.

எசென்குல் ஒரு தொப்பியைத் தன் தலையில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற புருல்சாவுக்கு அங்கேயே பொறி தட்டியது.

"அண்ணே, சர்வரும் சம்பந்தி வீட்டு ஆளுதான?"

"அதான் தலையெழுத்தாச்சே."

"வந்து இவ்வளவு நாளாச்சு. நாம அதுக்கு கியித் போடவே இல்லையே?"

எசென்குல் தொப்பியைக் கழற்றாமல் அவளைப் பார்த்தார். அவள் சொன்னாள்: பெட்டி அவர் கொடுத்தது, அப்படியே இருக்கட்டும். மேலுக்கு உடுத்துவது டெபியன். அதுதான் கியித். சபையில் வைத்து மரியாதையோடு போடுவோம். எப்படி மறுப்பார்?

முதலாளியின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. மேசையை ஓங்கித் தட்டினார். "ஏ பொண்ணே, உனக்குள்ள சாத்தான் குடியிருக்கான்!" என்றார். உடனே தையற்காரிக்குப் போன் போட்டு, குழந்தை அளவில் ஒரு சப்பான் சொன்னார். "கை வேண்டாம்," என்றார் போனில். "ஆமா, கை கிடையாது. கழுத்தும் கிடையாது. அதெல்லாம் உனக்கு எதுக்கு, தைச்சுக் குடு."

விருந்தை ஆலைக் கூடத்திலேயே வைத்தார்கள். சர்வரைப் பார்க்காமல் தோக்தோர்பாய் எப்படியும் வாயில் ஒரு கவளம் வைக்க மாட்டார். அப்படித்தான் ஆயிற்று. மனிதர் காரிலிருந்து இறங்கியதும் எசென்குலைத் தழுவினார், நேரே சர்வர் அறைக்குப் போனார், விசிறியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இளைச்ச மாதிரி இருக்கே" என்றார். பின்னால் வந்த அவர் மனைவி சாய்ராகுல், கைக்குட்டையால் மேல்மூடியின் தூசியைத் துடைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

மரியாதை விருந்தாளிக்குரிய ஆட்டுத் தலை தோக்தோர்பாய்க்கு முன்னால் வைக்கப்பட்டது. அவர் அதன் காதை அறுத்துப் பங்கிட்டார். தேநீர் வந்தது, வாழ்த்துரை வந்தது, மறுபடி தேநீர் வந்தது. எசென்குல் கண்ணைக் காட்டினார். புருல்சா எழுந்தாள். அவள் கையிலிருந்த தட்டில் சின்ன நீல வெல்வெட் சப்பான், வெள்ளைத் தொப்பி, பட்டுத் துணியில் பொதிந்த ஒரு சின்ன பென் டிரைவ் குச்சி. குச்சிக்குள் டெபியன்.

"தோக்தோர்பாய் அண்ணே, அக்கா," என்று தொடங்கினாள். "உங்க வீட்டுலருந்து ஒருத்தர் எங்ககிட்ட வந்து ராப்பகலா உழைச்சார். ஒரு நாள் லீவு கேட்டதில்ல. அப்படிப்பட்டவரை கியித் போடாம அனுப்பினா எங்களுக்கு அழகா? மேலுக்கு இந்தச் சப்பான், உள்ளுக்கு இந்த டெபியன். எங்க கையால உடுத்திப் பாக்கணும்னு ஆசை."

தோக்தோர்பாய் குச்சியைப் பார்த்தார். ஆயுள் முழுக்க எதை மட்டமாகப் பேசினாரோ அதையே தங்கத் தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். அவர் மீசை ஒரு முறை துடித்தது. ஆனால் கியித் கியித்துதான். நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"உடுத்துங்க," என்றார்.

எல்லோரும் சர்வர் அறை வாசலில் கூடி நிற்க, புருல்சா முதலில் டெபியனை உடுத்தினாள். சர்வரில் இருந்த பால் கணக்கு மொத்தத்தையும் அன்று காலையிலேயே பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள். பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்த தோக்தோர்பாய், திரையில் ஒவ்வொரு கேள்விக்கும் "ம்" என்றார். சாய்ராகுல் கொண்டுவந்த கிண்ணத்துத் தேநீர் ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு அண்ணே."

"இவ்வளவுதானா? குளிர்காலமே வேண்டியதில்லையா?"

விசிறி அடங்கிவிட்டது. அந்த அறையில் முதல் தடவையாகச் சுவர்க்கடிகாரத்தின் ஓசை கேட்டது. புருல்சா சப்பானைப் போர்த்தினாள், தொப்பியை மேலே வைத்தாள். தோக்தோர்பாய் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவருக்குச் சட்டென்று கண்ணீர் பொலபொலவென்று கொட்டிற்று.

"வாழ்நாளெல்லாம் மத்தவங்களுக்கு மெஷின் ரெடி பண்ணிக் குடுத்தேன்மா. ஒருத்தரும் அதை ஒரு ஆளா மதிச்சதில்ல. நீங்கதான் மதிச்சீங்க."

புருல்சா சப்பானின் மடிப்பைச் சரிசெய்தாள். இந்த மனிதரை ஏமாற்ற நினைத்தோமே என்று உண்மையாகவே வெட்கப்பட்டாள். எசென்குல் சம்பந்தியைக் கட்டிக்கொண்டார். சாய்ராகுலும் அழுதார். வாசலில் கை தட்டல் எழுந்தது. இத்தோடு விட்டிருந்தால் எல்லாம் சுபம்.

தோக்தோர்பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குனிந்து மின்சாரக் கம்பியைப் பிடுங்கினார்.

"அப்ப நாங்க கிளம்புறோம்," என்றார். சர்வரை இரண்டு கையாலும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

யாருக்கும் முதலில் புரியவில்லை. புரிந்தபோது எசென்குலின் சிரிப்பு முகத்திலேயே உறைந்து நின்றது. கியித் போடுவது எப்போது? விருந்தாளி கிளம்பும்போது. கியித் போட்டாயிற்று என்றால் என்ன அர்த்தம்? போய் வாருங்கள் என்று அர்த்தம். 'போடாம அனுப்பினா அழகா' என்று புருல்சாவே தன் வாயால் சொல்லியிருக்கிறாள். உடுத்திய விருந்தாளியைக் கையைப் பிடித்து நிறுத்தி, "துணி மட்டும் உனக்கு, ஆள் எங்களுக்கு" என்று எந்த வாய் சொல்லும்?

எசென்குல் அவளைத் தூணுக்குப் பின்னால் இழுத்தார். "என் சர்வர் போகுது!"

"நான் என்ன அண்ணே பண்ணட்டும்? முறை அப்படி."

"நாளைக்குக் காலையில பால் வரும்! முறையையா தராசுல ஏத்துறது?"

அதற்குள் தோக்தோர்பாய் காரின் பின் இருக்கையில் சர்வரை உட்காரவைத்து பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார். தொப்பி சாய்ந்துவிடாமல் சாய்ராகுல் பிடித்துக்கொண்டார். புருல்சா ஓடினாள். வேறு எதுவும் தோன்றாததால் வாயில் வந்ததைச் சொன்னாள்.

"அண்ணே, ஆளு வீட்டுக்குப் போறது நியாயம். ஆனா போனதோட பேச்சு வார்த்தை விட்டுப்போகக் கூடாதில்ல? தினமும் காலையில எங்க தராசு அதைக் கூப்பிட்டு நலம் விசாரிக்கணும். நீங்க வீட்டுல இன்டர்நெட்ல மாட்டி வச்சாப் போதும், மத்ததை நான் இங்கேருந்து பாத்துக்கிறேன்."

தோக்தோர்பாயின் முகம் பௌர்ணமி ஆகிவிட்டது. "இது பேச்சு! உறவுன்னா இதுதான்."

அன்று இரவே பிஷ்கேக்கில், வரவேற்பறையின் மேல்பக்கத்தில், மூத்த விருந்தாளி உட்காரும் இடத்தில், மெத்தைகளின் மேல் சர்வர் அமர்ந்தது. புருல்சா கராகோலிலிருந்து யாரும் ஒட்டுக்கேட்க முடியாத வழி ஒன்றைப் போட்டு அதைப் பிடித்தாள், எடுத்து வைத்த பால் கணக்கை அதில் ஏற்றினாள். காலையில் லாரிகள் வந்தன. தராசு கேட்டது. கேள்வி ஏரியைச் சுற்றி, மலையிடுக்கு வழியாகத் தலைநகரம் போய், வெல்வெட் சப்பானுக்குள் நுழைந்து, பதிலோடு திரும்பி வந்தது. குழாய் திறந்தது. ஓட்டுநர்கள் திட்டுவதற்கு எதுவும் கிடைக்காமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டெபியன் தன் வேலையைச் செய்தது. அது இருக்கிறது என்பதே ஆலையில் எல்லோருக்கும் மறந்துபோனது. கெல்திபெக் போன் செய்து, "அப்ப உங்களுது க்ளவுடா? நாங்களே இன்னும் போகலையே" என்று பொறாமைப்பட்டான். எசென்குல்கூட இரண்டு மூன்று தடவை சிரித்தார்.

அதற்கு அடுத்த வியாழக்கிழமை காலையில் பால் நின்றது.

தராசு கேட்கிறது, பதில் இல்லை. புருல்சா கூப்பிட்டுப் பார்த்தாள், சர்வர் எங்கேயும் இல்லை. வெளியே ஹாரன்கள் தொடங்கின. பூனைகள் வாசலுக்கு வந்துவிட்டன. எசென்குல் கதவை உதைத்துத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

"சொன்னேனா இல்லையா? ஒரு தடவ பால் நின்னா நீ வீட்டுக்குப் போன்னு சொன்னேனா இல்லையா? என் சர்வரைத் தொப்பி போட்டு ஊரான் வீட்டுக்கு அனுப்பி வச்சவளே! உன் சாமானை எடு. போ, உன் அண்ணி கடையில போய் உக்காரு!"

புருல்சா மேசை இழுப்பறையைத் திறந்தாள். கண்ணாடிக் கோப்பை, கை துடைக்கும் துணி, இரண்டு பேனா. இவ்வளவு வருஷத்துக்கு இவ்வளவுதானா என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ராயிசா பெத்ரோவ்னா சீட்டாட்டத்தைப் பாதியில் நிறுத்தினார். இதற்கு முன் எந்த முதலாளிக்காகவும் அவர் நிறுத்தியதில்லை.

எசென்குலின் போன் அடித்தது. பெயரைப் பார்த்ததும் மனிதர் நிமிர்ந்து நின்றார்.

"வணக்கம் சம்பந்தி! நல்லா இருக்கீங்களா, வீட்டுல எல்லாரும், ஆமா, இங்க எல்லாரும் சௌக்கியம், மழை இல்ல, ஆடு மாடெல்லாம் சௌக்கியம், ஆமா…"

"சம்பந்தி, தலைகுனிஞ்சு பேசுறேன்," என்றது தோக்தோர்பாயின் குரல். போனை எசென்குல் எப்போதும் சத்தமாகத்தான் வைத்திருப்பார், அறை முழுக்கக் கேட்டது. பின்னணியில் ஏதோ பெரிதாக உறுமிக்கொண்டிருந்தது. "சாய்ராகுல் வீடு கூட்டுறா. வாக்குவம் கிளீனர் மாட்ட இடமில்லைன்னு நம்ம புள்ளையோட பிளக்கைப் பிடுங்கிட்டா. நாங்க செஞ்சது மகா தப்பு. கூப்பிடுங்க சம்பந்தியம்மாவை, மன்னிப்புக் கேக்கணும்."

"எந்தச் சம்பந்தியம்மா? அவ வீட்டுல இருக்கா."

"உங்க வீட்டம்மா இல்ல. புருல்சா சம்பந்தியம்மா. நம்ம புள்ளைக்குத் தன் கையால கியித் போட்டவங்க. போட்டவங்க உறவாயிட்டாங்க இல்ல? எங்க சனம் மொத்தத்துக்கும் சொல்லிட்டேன். இனி அவங்களை முன்ன வச்சுத்தான் இந்த வீட்டுல பேச்சு. எங்க, பக்கத்துல இல்லையா? ஏதாவது மனஸ்தாபமா?"

எசென்குல் புருல்சாவின் பக்கம் திரும்பினார். தொழிலாளியை வேலையிலிருந்து அனுப்பலாம். சம்பந்தியம்மாவை அனுப்பிய மனிதன் இசிக்குல் ஏரியின் எந்தக் கரையிலும் இன்னும் பிறக்கவில்லை.

"இருக்காங்க, இங்கதான் இருக்காங்க," என்று போனை நீட்டினார். இரண்டு கையாலும் நீட்டினார்.

தோக்தோர்பாய் புருல்சாவின் உடம்பைக் கேட்டார், பிள்ளைகளைக் கேட்டார், அண்ணியைக் கேட்டார், அண்ணியின் கடையைக் கேட்டார். வெளியே ஹாரன் ஓயவில்லை. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, அவளும் முறைப்படி திருப்பிக் கேட்டாள். கேட்காமல் இருக்க முடியுமா?

"ஒரு சந்தேகம் சம்பந்தியம்மா. இந்த டெபியனை எத்தனை வருஷம் பாத்துக்குவாங்க?"

"ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு வருஷம் அண்ணே. அப்புறம் அடுத்ததுக்கு மாத்திக்கணும்."

"அஞ்சா?" தோக்தோர்பாய் சிரித்தார். "மருமகன் நூறு வருஷத்துக்கு, சம்பந்தி ஆயிரம் வருஷத்துக்குன்னு சொல்லுவாங்க. நாம இருக்கோம், மாத்திக்கலாம்."

ஆயிரம் வருஷம். இனி தன்னை யாரும் அனுப்ப முடியாது என்று புருல்சாவுக்குப் புரிந்தது. கூடவே, தானாகவும் ஒரு நாளும் போக முடியாது என்பதும் புரிந்தது.

"அண்ணே, பிளக் மட்டும் கொஞ்சம்…" என்று இழுத்தாள்.

"அதுதான் சம்பந்தியம்மா, இன்னும் ரெண்டு ரூம் பாக்கி இருக்காம். நான் போய்ச் சொன்னா நல்லாவா இருக்கும்? வேணும்னா எசென்குல் சம்பந்தி சொல்லட்டுமே."

அவள் முதலாளியைப் பார்த்தாள். மகளைக் கொடுத்த வீட்டில், வீடு கூட்டிக்கொண்டிருக்கும் சம்பந்தியம்மாவிடம் அதை நிறுத்தச் சொல்வதா? எசென்குல் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். பிறகு இழுப்பறையைத் தன் கையாலேயே மூடினார், நாற்காலியைத் துடைத்து இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க சம்பந்தியம்மா," என்றார். "டீ சொல்லட்டுமா? சர்க்கரை எவ்வளவு போடுவீங்க?"

புருல்சா உட்கார்ந்தாள். பிஷ்கேக்கில் அந்த உறுமல் ஓயும் வரை செய்வதற்கு வேறு எதுவும் இல்லை.